51 ரெப்கள், ஏழு சூத்திரங்கள்: உச்சத் தூக்குத்திறன் கணிப்பு குறித்த ஒரு நிகழ்வு ஆய்வு

அமெரிக்கக் கால்பந்தின் தொழில்முறை அமைப்பான என்.எஃப்.எல்., கல்லூரிகளிலிருந்து வரும் வீரர்களை அணிகள் எடைபோட்டுப் பார்ப்பதற்காக ஆண்டுதோறும் ஒரு தேர்வு முகாம் நடத்துகிறது. 'கம்பைன்' எனப்படும் இந்த முகாம் 1987-இல் இண்டியானாபொலிஸ் நகருக்கு இடம்பெயர்ந்தது. ஓட்டம், தாவல், உடலளவு, மருத்துவப் பரிசோதனை ஆகியவற்றோடு, பெஞ்சில் மல்லாந்து படுத்து எடை மாட்டிய கம்பியை (பாரை) நெஞ்சிலிருந்து மேலே தள்ளும் பெஞ்ச் பிரஸ் சோதனையும் அங்கே உண்டு. 45 பவுண்டு பாரில் இருபுறமும் இரண்டிரண்டு 45 பவுண்டு தட்டுகளை மாட்டினால் 225 பவுண்டு, அதாவது சுமார் 102 கிலோ வரும். வீரரின் உடல் எடை எவ்வளவாக இருந்தாலும் பாரின் எடை மாறாது. பார் நெஞ்சைத் தொட வேண்டும், மேலே முழங்கை முழுதாக நீள வேண்டும், இடுப்பு பெஞ்சை விட்டு எழக்கூடாது. இந்த நிபந்தனைகளுக்குள் எத்தனை முறை தூக்கினாரோ அதுவே அவருடைய மதிப்பெண். இப்படி ஒரு முறை முழுதாகத் தூக்குவதை 'ரெப்' என்பார்கள்.

1999-ஆம் ஆண்டு முகாமில் ஈஸ்டர்ன் கென்டக்கி பல்கலைக்கழகத்தின் ஜஸ்டின் எர்னஸ்ட் அந்தப் பாரை 51 முறை தூக்கினார். 2011-இல் ஓரிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தின் ஸ்டீஃபன் பேயா 49 முறை தூக்கினார். முப்பது ரெப்களைத் தாண்டினாலே அது நல்ல எண்ணிக்கை என்று பேசப்படும் ஒரு சோதனையில் இவை வெகுதூரம் விலகி நிற்கும் எண்கள். எர்னஸ்டை அந்த ஆண்டு வரைவில், அதாவது அணிகள் சுற்றுச் சுற்றாகப் புதிய வீரர்களை எடுத்துக்கொள்ளும் நிகழ்வில், எந்த அணியும் தேர்ந்தெடுக்கவில்லை. பேயாவை சிகாகோ பேர்ஸ் அணி இரண்டாம் சுற்றில் எடுத்தது. களத்தில் யார் எப்படி ஆடினார்கள் என்பது இங்கே நம் பொருள் அன்று. 102 கிலோவை 51 முறை தூக்கிய ஒருவரால் ஒரே ஒரு முறை அதிகபட்சம் எவ்வளவு தூக்க முடியும் என்ற கேள்வியைத்தான் இந்த ஆய்வு எடுத்துக்கொள்கிறது. உடற்பயிற்சிக் கூடங்களில் 'ஒன் ரெப் மேக்ஸ்' என்று வழங்கும் அந்த உச்ச எடையைக் கணிக்க உலகெங்கும் புழங்கும் சூத்திரங்களை இந்த ஒரே நிகழ்வின் மீது பொருத்திப் பார்த்தால், அவை எங்கே கைகொடுக்கின்றன, எங்கே கைவிடுகின்றன என்பது வேறெந்த உதாரணத்தையும்விடத் தெளிவாகத் தெரிகிறது.

சூத்திரங்கள் ஏன் பிறந்தன என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். உச்ச எடையை நேரடியாகச் சோதிக்க முறையான வார்ம்-அப் வேண்டும், ஒவ்வொரு முயற்சிக்கும் இடையே இரண்டு முதல் நான்கு நிமிட ஓய்வு வேண்டும், தலைமாட்டில் பாரைப் பிடிக்க ஆள் வேண்டும். நூறு வீரர்களைக் கொண்ட ஒரு கல்லூரி அணியில் இதை அடிக்கடி செய்ய நேரம் போதாது. புதிதாகச் சேர்ந்தவரையும் காயத்திலிருந்து மீள்பவரையும் வைத்துச் செய்வது அறிவுடைமையும் ஆகாது. ஆகவே, தூக்க முடிந்த ஓர் எடையில் இயன்ற அளவு ரெப்களைச் செய்ய வைத்து, அதிலிருந்து உச்சத்தைக் கணக்கிடும் வழக்கம் வந்தது. நெப்ராஸ்கா பல்கலைக்கழகத்தின் வலிமைப் பயிற்சியாளர் பாய்ட் எப்லி 1985-இல் தந்த சூத்திரமும், பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தின் மேட் பிரிசிக்கி 1993-இல் வெளியிட்ட சூத்திரமும் இன்று மிகப் பரவலாக உள்ளன. கைபேசிச் செயலிகள் பலவற்றின் உள்ளே ஓடுவது இவ்விரண்டில் ஒன்றுதான். லாண்டர், லொம்பார்டி, ஓ'கானர், மேஹ்யூ, வேதன் ஆகியோரின் பெயர்களால் வழங்கும் ஐந்தையும் சேர்த்தால் ஏழு ஆகிறது.

எப்லியின் கணக்கு எளிமையானது. ரெப்களின் எண்ணிக்கையை 30-ஆல் வகுத்து, அதனுடன் ஒன்றைக் கூட்டி, வந்த எண்ணால் தூக்கிய எடையைப் பெருக்க வேண்டும். எர்னஸ்டின் 51 ரெப்களுக்கு அது 275 கிலோவைச் சற்றே தாண்டிய விடையைத் தருகிறது. ஓ'கானரின் சூத்திரமும் இதே அமைப்பு உடையதுதான். ஆனால் ஒவ்வொரு ரெப்புக்கும் இரண்டரை சதவீதம் மட்டுமே கூட்டுவதால் அதன் விடை 232 கிலோ. வேதனின் சூத்திரம் 204 கிலோ என்கிறது. மேஹ்யூ 1992-இல் தந்த சூத்திரத்தின்படி 186 கிலோ. லொம்பார்டியின்படி 151 கிலோ. பிரிசிக்கியின் சூத்திரத்துக்கும் லாண்டரின் சூத்திரத்துக்கும் இதே எண்ணைக் கொடுத்தால் விடை பூஜ்யத்துக்குக் கீழே போய்விடுகிறது. ஒரே மனிதர், ஒரே பார், ஒரே முயற்சி. கிடைக்கும் உச்சமோ 151 முதல் 275 வரை எங்கோ இருக்கிறது, இரண்டு கணக்குகளின்படி அது எதிர்மறை எண்.

எதிர்மறை விடை எப்படி வருகிறது என்று பார்ப்பது பயனுள்ளது. பிரிசிக்கியின் சூத்திரத்தைச் சுருக்கினால், தூக்கிய எடையை 36-ஆல் பெருக்கி, 37-இலிருந்து ரெப்களைக் கழித்து வரும் எண்ணால் வகுப்பது என்று ஆகும். பத்து ரெப்களுக்கு வகுக்கும் எண் 27. விடை 136 கிலோ, ஏற்கத்தக்கது. இருபது ரெப்களுக்கு வகுக்கும் எண் 17 ஆகிறது; விடை 216 கிலோவுக்குத் தாவுகிறது. முப்பது ரெப்களுக்கு அது 525 கிலோ என்கிறது. தூக்குவதற்கு உதவும் பிரத்யேகச் சட்டை அணியாமல் மனிதர் ஒருவர் தூக்கிய பெஞ்ச் பிரஸ் உலகச் சாதனையாக 2021-இல் ஜூலியஸ் மேடக்ஸ் பதிவுசெய்தது 355 கிலோ. கம்பைனில் முப்பது ரெப் எடுக்கும் ஓர் இளைஞர் அந்தச் சாதனையை 170 கிலோ வித்தியாசத்தில் முறியடிப்பார் என்று இந்தச் சூத்திரம் சொல்வதாகக் கொள்ள வேண்டியிருக்கும். 36 ரெப்களில் மூன்றரை டன்னைத் தாண்டி, 37-இல் பூஜ்யத்தால் வகுக்க நேர்ந்து, 38 முதல் விடை எதிர்மறையாகிறது. பிரிசிக்கியைக் குறைசொல்ல இதில் இடமில்லை. பத்து ரெப்களுக்கு மேல் தம் கணக்கு துல்லியமாக இராது என்று அவரே எச்சரித்திருந்தார். எச்சரிக்கையைக் கழற்றிவிட்டுச் சூத்திரத்தை மட்டும் எடுத்துக்கொண்டது பின்னால் வந்தவர்களின் வேலை.

மேஹ்யூ, வேதன் சூத்திரங்களின் பிழை வேறு வகை. அவை இரண்டும் ரெப்கள் கூடக்கூட மெதுவாகத் தட்டையாகும் வளைகோடுகள். அதனால் விடை எகிறிப் போகாது. மாறாக அவற்றுக்குள் ஒரு கூரை இருக்கிறது. மேஹ்யூவின் கணக்கில் தூக்கிய எடையின் 1.92 மடங்குக்கு மேல் உச்சம் போகவே முடியாது; 102 கிலோவை ஒருவர் ஐம்பது முறை தூக்கினாலும் ஐந்நூறு முறை தூக்கினாலும் விடை 196 கிலோவைத் தொடாது. வேதனுக்கு அந்தக் கூரை ஏறத்தாழ 209 கிலோ. எர்னஸ்டின் 51 ரெப்கள் அந்தக் கூரையில் முட்டிக்கொண்டு நிற்கின்றன. ஆக, பார்க்க நிதானமாகத் தோன்றும் 186, 204 என்ற விடைகளும் அவருடைய தசையைவிடச் சூத்திரத்தின் வடிவத்தைப் பற்றியே நமக்கு அதிகம் சொல்கின்றன.

இவ்வளவு முரண்படும் ஏழும் எப்படி ஒரே வேலைக்குப் புழங்குகின்றன என்ற ஐயம் எழுவது இயல்பு. பத்து ரெப்களில் விடை இருக்கிறது. 102 கிலோவை ஒருவர் சரியாகப் பத்து முறை தூக்கினால், எப்லியும் பிரிசிக்கியும் துளியும் மாறாமல் ஒரே விடையைத் தருகின்றன. இரண்டிலும் பெருக்கும் எண் ஒன்றும் மூன்றில் ஒரு பங்கும். மற்ற ஐந்தும் 128-க்கும் 138-க்கும் இடையே அடங்கிவிடுகின்றன. ஐந்து ரெப்களில் நெருக்கம் இன்னும் கூடுகிறது: ஏழு விடைகளும் 115 முதல் 121 கிலோவுக்குள் நிற்கின்றன. நேர்கோடோ வளைகோடோ, அந்தச் சிறிய பகுதியில் எல்லாம் ஒன்றை ஒன்று ஒட்டியே ஓடுகின்றன. பத்தைத் தாண்டிய பிறகுதான் ஒவ்வொன்றும் தன் போக்கில் பிரிகிறது. இருபது ரெப்களிலேயே லொம்பார்டிக்கும் பிரிசிக்கிக்கும் இடையே கிட்டத்தட்ட 80 கிலோ இடைவெளி விழுந்துவிடுகிறது. ரெப் எண்ணிக்கையின் கீழ்க்கோடியிலும் ஒரு சிறு கோணல் உண்டு. எப்லியின் கணக்கில் ஒரே ஒரு ரெப்பைப் போட்டுப் பார்த்தால், 102 கிலோவை ஒரு முறை மட்டும் தூக்க முடிந்தவரின் உச்சம் 105 கிலோ என்று வரும். அதனால்தான் ஒற்றை ரெப்புக்கு அதைப் பயன்படுத்துவதில்லை.

கணிதத்தை விட்டு உடலுக்கு வருவோம். ஒரு முறை மட்டுமே தூக்கக்கூடிய எடையை உயர்த்தும்போது, தசையின் இயக்க அலகுகளில் (ஒரு நரம்பு செல்லும் அது இயக்கும் தசை இழைகளும் சேர்ந்தது ஓர் அலகு) ஏறத்தாழ அனைத்தும், மிகப் பெரியவை உட்பட, ஒரே நேரத்தில் வேகமான நரம்புத் துடிப்புகளால் முடுக்கப்படுகின்றன. முயற்சி சில நொடிகளில் முடிந்துவிடும். அதற்கு வேண்டிய ஆற்றல் தசையில் ஏற்கனவே இருக்கும் ஆற்றல் சேர்மங்களான ஏ.டி.பி.யிலிருந்தும் கிரியாட்டின் பாஸ்பேட்டிலிருந்தும் கிடைக்கிறது. 51 ரெப்கள் கொண்ட ஒரு செட், அதாவது பாரை வைக்காமல் தொடர்ந்து செய்யும் ஒரு தொகுதி, ஒரு நிமிடத்தை ஒட்டி நீளக்கூடியது. தொடக்கத்தில் சிறிய அலகுகள் சுமையைத் தாங்குகின்றன, அவை சோரச்சோரப் பெரியவை துணைக்கு வருகின்றன, கிரியாட்டின் பாஸ்பேட் கரைந்தபின் தசையில் சேமித்த கிளைகோஜன் சிதைந்து ஆற்றல் தருகிறது, அமிலத்தன்மை ஏறுகிறது, கைகள் எரிகின்றன. செட்டை நிறுத்துவது எது என்று கேட்டால், ஐந்து ரெப் செட்டில் விசைக் குறைவு என்றும், ஐம்பது ரெப் செட்டில் களைப்பைத் தாங்கும் ஆற்றலின் முடிவு என்றும் சொல்லலாம். இரண்டுக்கும் தொடர்பு உண்டு. ஆனால் ஒன்றை வைத்து மற்றதை அளக்கும் அளவுக்கு இறுக்கமான தொடர்பு இல்லை.

இதோடு பயிற்சியின் பங்கும் சேர்கிறது. கம்பைனுக்குத் தயாராகும் வீரர் பல வாரங்கள் இந்த ஒரே சோதனைக்கென்றே பழகுகிறார். முதல் இருபது ரெப்களை நடுவில் நில்லாமல் விரைவாக முடிப்பது, பிறகு மேலே முழங்கை நேராக நின்ற நிலையில் ஓரிரு மூச்சு வாங்கிக்கொள்வது, பாரின் வேகத்தை நெஞ்சருகே வீணாக்காமல் திருப்புவது என்று இதற்கென்றே உத்திகள் வளர்ந்திருக்கின்றன. முழங்கை நேராகிவிட்டால் சுமையின் பெரும்பகுதியை எலும்புகள் தாங்குகின்றன, அழுத்தத்தில் இருந்த தசைக்குள் இரத்தம் மீண்டும் பாய்கிறது. அந்த ஒன்றிரண்டு நொடி மேலும் சில ரெப்களை ஈட்டித் தரும். இப்படிக் கூடும் ரெப்கள் உச்ச எடையை ஒரு கிலோகூட உயர்த்தியிருக்க வேண்டியதில்லை. ஆனால் எப்லியின் கணக்கு அவை ஒவ்வொன்றுக்கும் 3.4 கிலோவைச் சேர்த்துக்கொண்டே போகும்.

இந்தச் சோதனைக்கென்றே ஒரு தனிச் சூத்திரமும் உண்டு. ஜெர்ரி மேஹ்யூவும் சகாக்களும் கல்லூரிக் கால்பந்து வீரர்களை நேரடி உச்சச் சோதனைக்கும் 225 பவுண்டு சோதனைக்கும் உட்படுத்தி, 1999-இல், எர்னஸ்ட் தூக்கிய அதே ஆண்டில், அதை வெளியிட்டனர். பவுண்டு கணக்கில் ரெப்களை 7.1-ஆல் பெருக்கி 226.7-ஐக் கூட்ட வேண்டும். பொதுவான மக்கள் கூட்டத்துக்குப் பதிலாகச் சோதனைக்குரிய வீரர்களையே அளந்து பெற்றது என்பதால் இதற்கு மற்றவற்றைவிட உரிமை அதிகம். அந்தக் குழுவில் கணிப்பின் திட்டப் பிழை, அதாவது விடை உண்மையிலிருந்து வழக்கமாக விலகும் அளவு, ஏறத்தாழ 6 கிலோதான். சுவையான செய்தி என்னவென்றால், எப்லியின் கணக்கை 225 பவுண்டுக்குப் பொருத்தினால் ரெப்புக்கு 7.5 பவுண்டு வரும். அளந்து கண்ட 7.1-க்கும் பயிற்சியாளர் எப்லியின் சூத்திரம் தந்த 7.5-க்கும் இடையே அவ்வளவுதான் வித்தியாசம். எனினும் 51 ரெப்களை இதில் இட்டு 267 கிலோ என்று எழுதிக்கொள்வது சரியாகாது. ஒரு நேர்கோடு, அது வரையப்பட்ட புள்ளிகளுக்கு அப்பால் நீட்டப்படும்போது அதே 6 கிலோ பிழையைத் தன்னோடு எடுத்துச் செல்வதில்லை. ரெப்கள் பத்துக்குள் நின்றவர்களிடம் கணிப்பு நெருக்கமாகவும், மிகுதியாகத் தூக்கியவர்களிடம் தளர்வாகவும் இருந்தது என்பதே அந்த ஆய்வின் முடிவும்.

அப்படியானால் எர்னஸ்டின் உச்சம் பற்றி எதையுமே சொல்ல முடியாதா? ஓரளவு சொல்லலாம் என்பது என் கருத்து. விடைகளைத் திருப்பிப் போட்டுப் பார்க்க வேண்டும். லொம்பார்டியின் 151 கிலோ உண்மையானால், 102 கிலோ என்பது உச்சத்தின் 67 சதவீதம். வலிமைப் பயிற்சி வட்டாரத்தில் வழக்கமாகக் கையாளும் அட்டவணை அந்தச் சதவீதத்துக்குப் பன்னிரண்டு ரெப்களைத்தான் தருகிறது. மனிதருக்கு மனிதர் எவ்வளவுதான் வேறுபட்டாலும் பன்னிரண்டு எங்கே, ஐம்பத்தொன்று எங்கே. எனவே 151-ஐத் தயங்காமல் ஒதுக்கிவிடலாம். 204 என்றால் 102 கிலோ உச்சத்தில் பாதி. 275 என்றால் 37 சதவீதம். பாதி எடையில் ஐம்பது ரெப்கள் என்பது அபாரமான தாங்குதிறன் உடையவருக்குச் சாத்தியமாகலாம். 37 சதவீத எடையில் அதே எண்ணிக்கை அவ்வளவு வியப்பளிக்காது. ஆகவே உண்மையான உச்சம் 200 கிலோவை ஒட்டியும் இருந்திருக்கலாம், 270 கிலோவை ஒட்டியும் இருந்திருக்கலாம். எழுபது கிலோ அகலமான இந்த இடைவெளியை 51 என்ற எண்ணால் இதற்கு மேல் சுருக்க முடியாது.

சிக்கலின் வேர், எடையை எல்லாருக்கும் ஒன்றாக நிறுத்தியதில் இருக்கிறது. வரிசையில் ஒருவருக்குப் பின் ஒருவராகப் படுத்துத் தூக்கும் முகாமில் தட்டுகளை மாற்றாமல் இருப்பது வசதி. ஆண்டுக்கு ஆண்டு ஒப்பிடவும் உதவும். ஆனால் வலிமை குறைந்தவருக்கு அந்த எடை வலிமைச் சோதனையாகவும், வலிமை மிகுந்தவருக்குத் தாங்குதிறன் சோதனையாகவும் மாறிவிடுகிறது. மறுமுனையில் நடந்ததையும் பார்க்கலாம். கூடைப்பந்துக்கான என்.பி.ஏ. முகாமில் 185 பவுண்டு, சுமார் 84 கிலோ வைத்துத் தூக்கச் சொன்னார்கள். 2007-இல் கெவின் டுரான்ட் அதை ஒரு முறைகூட முழுதாக உயர்த்தவில்லை. பூஜ்ய ரெப்புக்கு எப்லியின் சூத்திரம் 84 கிலோ என்றும் பிரிசிக்கியின் சூத்திரம் 82 கிலோ என்றும் விடை சொல்லும்; உண்மையில் நமக்குத் தெரிவது, அன்று அவருடைய உச்சம் 84 கிலோவுக்குக் கீழே இருந்தது என்பது மட்டும்தான், எவ்வளவு கீழே என்பது தெரியாது. அதே வரைவில் அவர் இரண்டாவதாகத் தேர்வானார், 2014-இல் லீகின் மிகச் சிறந்த வீரர் விருதும் பெற்றார் என்பதையும் சேர்த்துச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

எர்னஸ்டிடமிருந்து உண்மையான விடை வேண்டுமென்றால் பாரில் எடையை ஏற்றியிருக்க வேண்டும். 180 கிலோவை வைத்து அவர் ஆறு முறை தூக்கியிருந்தால், ஏழு சூத்திரங்களும் சேர்ந்தே 207-க்கும் 219-க்கும் இடையே ஒரு விடையைத் தந்திருக்கும். சர்ச்சைக்கு வேலை இருந்திராது. இன்னொரு வழி பாரின் வேகத்தை அளப்பது. எடை கூடக்கூட, முழு முயற்சியோடு தள்ளினாலும் பார் மெதுவாகத்தான் ஏறும். இந்த உறவு ஒருவருக்குள் ஏறத்தாழ நேர்கோடாக அமைகிறது. ஸ்பெயினைச் சேர்ந்த கொன்சாலஸ்-படியோவும் சான்செஸ்-மெதினாவும் 2010-இல் வெளியிட்ட ஆய்வில், பெஞ்ச் பிரஸில் உச்ச எடை ஏறும் சராசரி வேகம் நொடிக்கு 0.16 மீட்டர் அளவில் இருப்பதைக் கண்டனர். நான்கைந்து எடைகளில் வேகத்தை அளந்து கோட்டை நீட்டினால், களைப்பின் எல்லைக்குப் போகாமலே உச்சத்தை மதிப்பிடலாம். ஆனால் அந்த ஆய்வு தண்டவாளத்தில் ஓடும் ஸ்மித் இயந்திரத்தில் நடந்தது. கட்டற்ற பாரில், குறிப்பாகத் தோளில் பாரை ஏந்தி உட்கார்ந்து எழும் ஸ்குவாட்டில், முறை அவ்வளவு நேர்த்தியாகப் பொருந்துவதில்லை. கருவியும் வாங்க வேண்டும்.

கருவி இல்லாத சாதாரண ஜிம்முக்கு இந்த நிகழ்விலிருந்து கிடைப்பது, ரெப்களைப் பார்ப்பதற்கு முன்பே எடையைச் சரியாகத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்பதே. 60 கிலோவை எட்டு முறை தூக்கும் ஒருவருக்கு ஏழு சூத்திரங்களும் 72 முதல் 77 கிலோ வரை சொல்லும்; வாரத் திட்டம் போட அது தாராளமாகப் போதும். அதே நபர் 40 கிலோவை இருபது முறை தூக்கிவிட்டு அந்த எண்ணைச் செயலியில் இட்டால், சூத்திரத்தைப் பொறுத்து 54 கிலோவும் வரலாம், 85 கிலோவும் வரலாம். செயலி இரண்டையும் ஒரே துணிவோடு, தசமப் புள்ளி வைத்துக் காட்டும் என்பதுதான் ஆபத்து. மூன்று முதல் எட்டு ரெப்களுக்குள் நிற்கும் எடையை எடுத்துக்கொள்வதும், ஒரு சூத்திரத்தைத் தேர்ந்த பிறகு மாதாமாதம் அதையே பயன்படுத்துவதும், கடைசி ரெப் உண்மையிலேயே கடைசிதானா, இன்னும் இரண்டு மிச்சம் இருந்ததா என்பதைக் குறித்துவைப்பதும் துல்லியத்துக்கு மிகவும் உதவும். இரண்டை மிச்சம் வைத்து நிறுத்திய செட்டை முழுச் செட்டாகக் கணக்கிட்டால், 60 கிலோவில் மட்டும் எப்லியின் விடை 4 கிலோ குறைந்துவிடும்.

ஒரு பயிற்சிக்குச் சரியான சூத்திரத்தை மற்றதற்கு மாற்றிப் போடுவதிலும் கவனம் தேவை. ஹோகரும் குழுவினரும் 1990-இல் வெளியிட்ட ஆய்வில், பழகாத ஆண்கள் தங்கள் உச்சத்தின் 80 சதவீத எடையை பெஞ்ச் பிரஸில் சுமார் பத்து முறையும், காலால் சுமையைத் தள்ளும் லெக் பிரஸில் சுமார் பதினைந்து முறையும், முழங்காலை மடக்கிச் சுமையை இழுக்கும் லெக் கர்லில் ஆறு முறை மட்டுமே தூக்கினர். ஒரே சதவீதம், ஒரே ஆள். தசையும் அசைவும் மாறியதும் ரெப்களின் எண்ணிக்கை இரண்டரை மடங்கு வரை மாறுகிறது. 1997-இல் லெசூரும் சகாக்களும் ஏழு சூத்திரங்களை பெஞ்ச் பிரஸ், ஸ்குவாட், தரையிலிருந்து பாரைத் தூக்கி நிமிரும் டெட்லிஃப்ட் ஆகிய மூன்றிலும் கல்லூரி மாணவர்களை வைத்துச் சோதித்தபோது, டெட்லிஃப்டில் ஏழுமே உண்மை உச்சத்தைக் குறைத்தே கணித்தன. எனவே டெட்லிஃப்டுக்குச் சூத்திரம் 140 கிலோ என்று சொன்னால், அதைக் கீழ் எல்லையாகக் கொண்டு, அடுத்த வாரத்தின் கனமான செட்டைப் பார்த்துவிட்டுத் திருத்திக்கொள்வது நல்லது. லெக் பிரஸில் இதற்கு நேர்மாறு: பெஞ்ச் பிரஸை வைத்து உருவாக்கிய கணக்கு அங்கே உச்சத்தைக் கூட்டிக் காட்டும். அந்த விடையிலிருந்து பத்து சதவீதமாவது கழித்துவிட்டுத்தான் தட்டுகளை ஏற்றத் தொடங்க வேண்டும்.